அலுப்பு துவைத்த தண்ணீர்

கேட்கிறவர்கள் உட்கார்ந்தே கேளுங்கள். நீங்கள் நின்றால் எனக்கும் நின்றுகொண்டு சொல்லவேண்டி வரும், அதற்கு என் இடுப்பில் தெம்பு கிடையாது. கோத்தகிரியில் பஸ் ஏறி, எல்லோரும் இறங்கிப் போன பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தால், கடைசியில் டிரைவர் திரும்பிப் பார்த்து "எறங்குங்கம்மா, இதுக்கு மேல ரோடு இல்ல" என்பாரே, அந்த இடம்தான் எங்கள் எஸ்டேட். மேட்டில் ஒரு லைன் வீடுகள், பள்ளத்தில் ஒரு லைன் வீடுகள், இரண்டுக்கும் நடுவில் பிள்ளை மடுவம். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற ஒற்றை அறைக் கட்டடத்துக்கு அந்தப் பெயர். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் சட்டி பானையோடு சேர்த்துக் கொண்டுவந்த பெயர். பெயரைத் தவிர அங்கே உருப்படியாக எதுவும் இல்லை. கூரை ஒழுகும், ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பிஸ்கட் பெட்டியின் அட்டை. அப்படியும் அதற்குள் விட்ட பிள்ளைகள் சளி பிடித்துச் சாகாமல் வளர்ந்தார்கள் என்றால் அதற்குக் குணவதிதான் காரணம்.

குணவதி அந்த மடுவத்தைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் உட்காருகிற விதத்தைச் சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்காருவாள். வலது காலின் பெருவிரலில் ஒரு தொட்டில் கயிறு, இடது காலின் பெருவிரலில் இன்னொரு தொட்டில் கயிறு, மடியில் பல் முளைத்துச் சிணுங்குகிற பிள்ளை ஒன்று, தோளைப் பிடித்து நிற்கப் பழகுகிற பிள்ளை ஒன்று, பக்கத்து அடுப்பில் கஞ்சி, வாயில் தாலாட்டு என்றும் சொல்லமுடியாத வசவு என்றும் சொல்லமுடியாத ஒரு முனகல், இத்தனைக்கும் நடுவில் இரண்டு கைகளும் கம்பளி நூலைப் பின்னிக்கொண்டே இருக்கும். ஊசி கடையில் வாங்கியதில்லை. காற்றில் மடங்கிச் செத்த குடைகளுக்கு எங்கள் மலையில் பஞ்சமா என்ன? குடைக்கம்பியை உடைத்து, நுனியைக் கருங்கல்லில் தேய்த்து வழுவழுப்பாக்கி, அதை வைத்தே சுற்றிச் சுற்றிப் பின்னுவாள்.

பிள்ளைகளுக்குக் குல்லா பின்னுவாள். எவளோ ஆசைப்பட்டாள் என்று டிவிக்கு ஒரு விரிப்பு, யாருக்கோ ஆரம்பித்து ஒரு கை மட்டும் முளைத்த ஸ்வெட்டர், வயிறும் மூக்கும் மட்டும் வந்திருக்கிற கிளி, வெற்றிலை வைக்கச் சுருக்குப் பை, எல்லாம் ஒரு கட்டைப்பைக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். எதையும் ஒரே மூச்சில் முடித்தவள் இல்லை, பாவம். ஒரு வரிசை பின்னுவதற்குள் ஒரு பிள்ளை பாயை நனைக்கும், அடுத்த வரிசை பின்னுவதற்குள் கஞ்சி பொங்கும், பதறி எழுந்ததில் கண்ணி நழுவும், நழுவின கண்ணியைத் தேடிப் பிடித்துக் கம்பியில் ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அவள் புருசன் மாசிலாமணி டீ ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை செய்கிறவன். கெட்டவன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் சாயந்திரம் வீட்டுக்கு வந்து அவள் "அப்பாடா" என்று இடுப்பைப் பிடித்தால் போதும், "ஒனக்கென்னடி அலுப்பு? உக்காந்து செய்யுற வேலதான" என்பான். அவன் மட்டுமா, நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நாங்கள் சரிவில் ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டு பறிக்கிறோம், மழை ஊற்றுகிறது, அட்டை கடிக்கிறது, அவளுக்கென்ன, மகராசி, கூரைக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் ஆடி மழையில் பக்கத்து வீட்டு ஞானப்பூ அக்காவுக்குக் கால் இரண்டும் வீங்கி, மழைக்குப் போடுகிற ரப்பர் கம்பூட்டுக்குள் நுழையமாட்டேன் என்றது. குணவதிக்கு மனசு கேட்கவில்லை. திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்ட தன் மகளின் பள்ளிக்கூட ஸ்வெட்டர் பெட்டியில் சும்மா கிடந்தது. அதைப் பிரித்து, அந்த நீல நூலில் ஒரு ஜோடி சாக்ஸ் பின்னிக் கொடுத்தாள். ஞானப்பூ அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். சாயந்திரம் இலையை நிறுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் இறங்கினோம், அவளும் இறங்கினாள். வீடு வந்துவிட்டது என்பது அவள் காலுக்குத் தெரியாததால் திரும்ப மேட்டில் ஏறிப் போனாள். போய்விட்டு வந்து விறகு பிளந்தாள். தன் வீட்டு விறகு தீர்ந்ததும் என் வீட்டு விறகைப் பிளந்தாள், அது தீர்ந்ததும் கோழிக்கூண்டைத் தூக்கி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் பிடிக்காமல் திரும்ப இந்தப் பக்கமே வைத்தாள்.

"என்னக்கா, பேய் கீய் புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தெய்வான. அலுப்பு வரல. இப்ப வரும், இப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன், வரவே மாட்டேங்குது," என்றாள், விருந்தாளி வரவில்லை என்று சொல்கிற மாதிரி.

அப்புறம் சாக்ஸைக் கழற்றினாள். காய்ந்த சாக்ஸ்தான், ஆனால் கீழே போட்டபோது தொப்பென்று சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தேன், உப்பு மூட்டை கனம் கனத்தது. பகலெல்லாம் அவள் காலில் ஏறவேண்டிய அலுப்பு முழுவதும் அதற்குள் இறங்கியிருந்தது. குழாயடியில் அலசியபோது அரிசி களைந்த மாதிரி வெளுப்பாய் ஒரு தண்ணீர் வந்தது. பிழிந்ததும் சாக்ஸ் பழையபடி லேசாகிவிட்டது. அவ்வளவுதான் சங்கதி. இது எப்படி, ஏன், யார் புண்ணியம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க எவளுக்கு நேரம் இருந்தது? "எனக்கு ஒரு ஜோடி" என்றுதான் கேட்டார்கள்.

மறுவாரமே இரண்டு லைனிலும் பள்ளிக்கூட ஸ்வெட்டர்கள் காணாமல் போயின. பிள்ளைகள் அரிசிச் சாக்கைத் தலையில் கொங்காணியாக மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். வாத்தியார் கேட்டதற்கு "எங்கம்மா கால்ல இருக்கு சார்" என்று உண்மையைச் சொன்னார்கள், அவரும் தன் காலுக்கு ஒரு ஜோடி சொல்லிவிட்டார். மடுவத்து வாசலில் பிள்ளையை விடுகிறவள் பிள்ளையோடு ஒரு ஈர்க்குச்சியையும் நீட்டுவாள், காலளவுக்கு ஒடித்தது. குணவதி ஒவ்வொரு குச்சியையும் வாங்கித் தலைமுடியில் செருகிக்கொள்வாள். பார்க்க முள்ளம்பன்றி மாதிரி இருப்பாள், நாங்கள் சிரிப்போம், அவளும் சிரிப்பாள்.

ஆம்பிளைகளும் போட்டுக்கொண்டார்கள். அலுப்பில்லாத ஆம்பிளை என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள், தண்ணிக் குடத்தைத் தூக்குவான் என்றா? சீட்டாடினான். முன்பு அலுத்துப்போய் சீட்டாடினான், இப்போது அலுக்காமல் சீட்டாடினான். நாங்கள்தான் பாவிகள், அலுப்பில்லை என்றதும் இருக்கிற வேலை போதாதென்று இல்லாத வேலையைத் தேடிப்போய்ச் செய்தோம், சாம்பல் போட்டுச் சட்டியின் அடியைத் தேய்த்தோம், சட்டியின் அடியை யார் பார்க்கப்போகிறார்கள்?

அடுத்தாற்போல ஒரு கூத்து நடந்தது. எங்கள் மலையில் துணி அலசின தண்ணீரைச் சும்மா சாக்கடையில் விடுகிறவளைக் குடித்தனம் தெரியாதவள் என்போம். வீட்டுக்குப் பின்னால் மேரக்காய்க் கொடி இருக்கும், பட்டணத்தில் சௌசௌ என்பார்களே அதுதான், அலசின தண்ணீரெல்லாம் அதன் வேருக்குத்தான் போகும். சாக்ஸ் அலசின தண்ணீரையும் வழக்கப்படி அதற்கே ஊற்றினோம். கொஞ்ச நாளில் கொடிகள் பந்தலைப் பிடிப்பதை விட்டுவிட்டன. இலைகள் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டன. ஆனால் காய் மட்டும் கொழுகொழுவென்று காய்த்தது, விடுவோமா, பறித்துக் கூட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் வேலைக்குச் சங்கு ஊதியது, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஆளைக் காணோமே என்று மேஸ்திரி தடியால் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். அவர் வீட்டிலும் முந்தின நாள் எங்கள் மேரக்காய்தான். மூன்றாவது கதவைத் தட்டும்போது அந்தக் கதவிலேயே சாய்ந்து குறட்டை விட்டார். மார்க்கெட்டுக்குப் போன மூட்டை மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாண வீட்டில் சாம்பாராகி, தாலியைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தூங்கிவிட்டதாகவும், பெண் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே வாங்கிக் கட்டிக்கொண்டதாகவும் பஸ் கண்டக்டர் சொன்னார். அது கேள்விதான், நான் பார்க்கவில்லை. நாங்கள் கழற்றிப் பிழிந்த அலுப்பை நாங்களே சமைத்துத் தின்றிருக்கிறோம் என்பது மட்டும் எழுந்த பிறகு புரிந்தது.

ஊர்க்கூட்டம் போட்டோம். இனி அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது? ஓடையில் விடலாம் என்றது மேல் லைன். "எங்க அலுப்பே எங்களுக்குக் கெடக்கு, ஒங்க அலுப்பையும் நாங்க குடிக்கணுமா?" என்று கீழ் லைன்காரிகள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். சண்டை முற்றி மயிரைப் பிடிக்கப் போகிற நேரத்தில் ஞானப்பூதான் சொன்னாள்: "அந்தா இருக்குல்ல பாறை, அதுக்கு ஊத்துங்கடி. அதுக்கு என்ன வேல கெடக்கு? அது அலுத்துப்போனா யாருக்கு நட்டம்?" அன்றிலிருந்து எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைமேல் ஊற்றினோம். அதன்மேல் வெயில் காய வந்த ஓணான்கள் அங்கேயே தூங்கின. மழைக்குப் பிறகு பார்த்தால் பாறை முன்னைவிடக் கொஞ்சம் உள்ளே இறங்கி, குந்த வைத்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நம் வீட்டுக்கூரை மேலா உட்கார்ந்தது?

இத்தனையும் நடந்தால் தொரைக்குத் தெரியாமல் இருக்குமா? எஸ்டேட் மேனேஜரை நாங்கள் தொரை என்போம், ஆள் எந்த ஊராயிருந்தாலும் அந்த நாற்காலிக்கு அதுதான் பேர். ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கி, எங்கள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம். அலுப்பில்லாம வேல செய்யுறீங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றார். மறுநாளிலிருந்து எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறை கூடியது. அது முடியாமல் இறங்கக்கூடாது என்றார்கள். வெளிச்சம் மங்குகிற வரைக்கும் மலையில் நின்றோம். நின்றால் என்ன, அலுக்கவா செய்கிறது? அலுப்பு எழுந்துபோன இடத்தில் வேலை வந்து பாய் விரித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாய்க்காரிகள் இருட்டுகிற வரைக்கும் மலையில் நின்றால் பிள்ளைகள் எங்கே இருக்கும்? மடுவத்தில். முன்பு வெயில் சாய்ந்ததும் கதவைச் சாத்துகிற குணவதி, இப்போது விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் பசித்து அழும், அவளே சமைத்து ஊட்டுவாள், தூக்கம் வந்து அழும், கயிற்றை ஆட்டுவாள், அதோடு தேய்ந்த குதிகால், பிய்ந்த நுனி என்று பழைய சாக்ஸ்களும் அவளிடமே திரும்பி வரும். எங்கள் அலுப்பைப் போக்க அவள் பின்னினாள். அவள் பின்னியதாலேயே அவள் அலுப்பு நாளுக்கு நாள் கூடியது. அவளுடைய நடையில் அது தெரிந்தது. ஒவ்வொரு எட்டையும் சேற்றிலிருந்து பிடுங்குகிற மாதிரி எடுத்து வைத்தாள்.

மடுவத்திலிருந்து என் பிள்ளையைத் தூக்கப் போனபோது ஒருநாள் கேட்டேன், "ஏண்டி, ஊருக்கெல்லாம் பின்னுறியே, நீ ஒரு ஜோடி போட்டுக்கிட்டா என்ன?"

அவள் தன் பாதங்களைக் காட்டினாள். பெருவிரல் இரண்டிலும் கயிறு பதிந்து பதிந்து வளையம் போட்ட மாதிரித் தழும்பு. "சாக்ஸ் போட்டா தொட்டில் கயித்த எந்த வெரல்ல மாட்டுறது?"

"அப்ப வீட்டுல இருக்கையிலயாவது போடேன்."

"போடணும் தெய்வான. நூலு எடுத்து வச்சிருக்கேன். அடுத்த ஜோடி எனக்குத்தான்."

அடுத்த ஜோடி பிரசவமாகிப் பத்திய உடம்போடு வேலைக்கு வந்த ஒருத்திக்குப் போனது. அதற்கடுத்தது "என் காலு மட்டும் காலில்லையா" என்று மேஸ்திரி வந்து நின்றதால் அவருக்குப் போனது. அதற்கும் அடுத்தது மாசிலாமணிக்கே போனது. ஃபேக்டரியில் நின்று நின்று அவனுக்குக் கெண்டைக்கால் இழுக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தனக்குப் போகத்தான் தானம்னு சொல்லுவாங்க, கேட்டதில்லையா நீ?" என்றேன்.

"கேட்டிருக்கேன். சொல்றவங்க எல்லாருமே காலளவுக்குக் குச்சி குடுத்துட்டுத்தான் சொல்றாங்க," என்றாள். என் காலில் சாக்ஸ் இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பனி விழ ஆரம்பித்த ஒரு சாயந்திரம், கடைசிப் பிள்ளையையும் அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டி, மடுவத்துப் படியில் உட்கார்ந்தாள். "வர்றியா குணவதி?" என்று கேட்டுக்கொண்டே போனேன். "கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்," என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை, அப்போதே எனக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

அப்புறம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நோவு இல்லை, மயக்கம் இல்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துப் பார்த்தோம், ஆறு பேர் சேர்ந்து பார்த்தோம், அவள் ஒல்லிப்பிச்சான் உடம்பு, ஆனால் முந்தானைகூட அசையவில்லை. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து பிரஷர் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எந்திரிக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய வைத்தியம்!

மாசிலாமணி ஷிஃப்ட் முடிந்து வந்தான். "எந்திரிடி, நாலு பேரு பாக்குறாங்க," என்று தோளைப் பிடித்து இழுத்தான். அவன் தினமும் டீத்தூள் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி அடுக்குகிறவன், காலில் அவள் பின்னின சாக்ஸ் வேறு. முகம் சிவக்கச் சிவக்க இழுத்தான், மடக்கிப் பிடித்துத் தூக்கினான், கடைசியில் படியின் கீழே உட்கார்ந்துவிட்டான். "உக்காந்து வேல செஞ்சவளுக்கு எங்கேருந்து இவ்வளவு கனம் வந்துச்சு?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டான். கேலியில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

கம்பளியைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் முறைபோட்டுப் படுத்துக்கொண்டோம். விடிந்து பார்த்தால் அந்தக் கல்படி ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்கியிருந்தது. எனக்கு அந்தப் பாறை ஞாபகம் வந்தது. பாறை எங்கள் பாதி அலுப்பைக் குடித்துத்தான் அப்படி உட்கார்ந்தது, இவள் தன் அலுப்பை முழுசாக உடம்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படி இன்னும் கொஞ்சம் இறங்கியது. இப்படியே போனால் பொழுது சாய்வதற்குள் முழங்கால் வரை போய்விடுவாள், மறுநாள் எங்கே இருப்பாளோ.

"ஒரு ஜோடி சாக்ஸ் பின்னி இவ கால்ல மாட்டணும்," என்றாள் ஞானப்பூ.

நூலுக்கு எங்கே போவது? பெட்டியில் ஸ்வெட்டர் கிடையாது, எல்லாம் எங்கள் காலில் இருந்தது. சங்கு ஊதிக்கொண்டிருந்தது. ஞானப்பூ கீழே உட்கார்ந்து தன் சாக்ஸைக் கழற்றினாள், நூல் முனையைத் தேடிப் பல்லால் கடித்து இழுத்தாள். அது சரசரவென்று பிரிந்து வந்தது. பிரியப் பிரிய அவள் தோள் இறங்கியது, கண்ணைச் சுற்றிக் கருத்தது, கால் பழையபடி வீங்கியது. மற்றவர்கள் நின்றோம். உள்ளதைச் சொன்னால் என்ன, யாருக்கும் கழற்ற மனசு வரவில்லை. "இதக் கழட்டிட்டு அத்தன கொழுந்த எப்பிடிக்கா எடுக்குறது?" என்று ஒருத்தி அழுதாள். "ஆளுக்குப் பாதி குடுத்தா என்ன?" என்றாள் இன்னொருத்தி.

"பாதியா? குடு, பாதி குடு," என்றாள் ஞானப்பூ, குரல்கூட அலுத்திருந்தது. "இவ மண்ணுக்குள்ள போனதுக்கப்புறம் ஒன் புள்ளைய யாரு கால்வெரல்ல கட்டித் தொங்கவிடுவ? சொல்லு. ஒன் வெரலக் காட்டு, பாப்போம்."

ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தோம். நீலம், பச்சை, மெரூன் என்று நூல் பிரிந்து பிரிந்து குவிந்தது, எத்தனையோ நாளாக நாங்கள் மறந்திருந்த இடுப்பும் முழங்காலும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து வலித்தது. அன்றைக்கு மலைக்கு யாரும் போகவில்லை. போகக்கூடாது என்று தீர்மானம் போடவில்லை, எழுந்திருக்கத் தெம்பில்லை. மேஸ்திரி வந்து கத்தினார், கத்திக்கொண்டே படியைப் பார்த்தார், அப்புறம் தன் சாக்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போனார். மாசிலாமணியும் மற்ற ஆம்பிளைகளும் தங்களுடையதைக் கழற்றி அந்தக் குவியலில் போட்டார்கள்.

குடைக்கம்பிகளை எடுத்தோம். எங்களுக்கெங்கே பின்னத் தெரியும்? ஒருத்திக்குக் குல்லா அளவுக்குத் தெரியும், ஒருத்திக்கு வேடிக்கை பார்த்த பழக்கம், எனக்கு நூலைப் பிடித்துக்கொண்டிருக்க மட்டும் தெரியும். கை மாறிக் கை மாறிப் பின்னினோம். குதிகால் வரவேண்டிய இடத்தில் ஒரு பை மாதிரி வந்தது, இருக்கட்டும் என்று விட்டோம். குணவதி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தோம். திடீரென்று கண்ணைத் திறக்காமலே, "கண்ணி ஒண்ணு நழுவுது," என்றாள். பார்த்தால் நழுவியிருந்தது. "நீ சும்மா இருடி," என்று அத்தனை பேரும் ஒரே குரலில் அதட்டினோம், அதட்டிவிட்டு அழுதோம்.

விரல் பக்கம் வந்தபோது மூடத் தெரியவில்லை. "விட்டுருங்க, வெரலு வெளியவே இருக்கட்டும், போதும்," என்றேன். ஞானப்பூ ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாக்குத் தைக்கிற கோணி ஊசியை எடுத்துவந்தாள். "வெரலு வெளிய இருந்தா யாராச்சும் கயித்த மாட்டிருவீங்க. நானே மாட்டிருவேன்," என்று சொல்லிவிட்டு, வாயை இறுக்கிக்கொண்டு, இழுத்து இழுத்து மூடித் தைத்தாள், பிணத்துக்கு வாய்க்கட்டுப் போடுகிறவள்கூட அத்தனை இறுக்கமாய்க் கட்டமாட்டாள்.

மாட்டிவிட்டோம். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் குணவதி ஒரு கொட்டாவி விட்டாள். இருமல் மாதிரி, விக்கல் மாதிரி, உள்ளே எங்கேயோ சிக்கிக்கொண்டிருந்தது விட்டுப்போன மாதிரி ஒரு பெரிய கொட்டாவி. பிறகு எழுந்தாள். சும்மா, எல்லோரும் எழுந்திருக்கிற மாதிரிதான் எழுந்தாள். வீட்டுக்கு நடந்துபோனாள், நாங்கள் பின்னாலேயே போனோம். வாசலில் சாக்ஸைக் கழற்றிப் போட்டாள், வாசல்கல் விரிசல் விட்டு ஒரு கோடு விழுந்தது. உள்ளே போய்ப் படுத்தாள். எத்தனை நாள் தூங்கினாள் என்று நான் எண்ணவில்லை, எண்ணுகிற நிலையில் நானும் இல்லை.

இப்போது அந்த சாக்ஸ் வாசலில் கிடந்தது. மாசிலாமணி காலால் ஒதுக்கப் பார்த்தான், கால்விரல்தான் மடங்கியது. குனிந்து ஒரு கையால் எடுத்தான், இரண்டு கையால் எடுத்தான், கடப்பாறையைக் கொடுத்து நெம்பினான், கடப்பாறை வளைந்தது. "யாராச்சும் இதக் கொஞ்சம் தொவச்சுக் குடுங்களேன்," என்று எங்களைக் கேட்டான். எங்கள் லைனில் பெண்டாட்டி துணியை ஆம்பிளை துவைத்தால் ஊரே கூடிச் சிரிக்கும். அந்தப் பயம் அவனுக்கு. "எங்க கால்ல சாக்ஸ் இல்ல அண்ணே, நாங்க அசந்து கெடக்கோம்," என்றோம். பொய்யில்லை. நாங்கள் அசந்ததைப் பார்த்துத் தொரைகூட வேறு வழியில்லாமல் நிறையைப் பழையபடி குறைத்திருந்தார். வெயில் சாய்ந்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ள எல்லோரும் இறங்கிவிடுகிறோம்; அதுவரை மடுவத்தில் குணவதியோடு தொட்டில் கயிற்றை ஆட்ட ஆளுக்கொரு நாள் முறை வைத்திருக்கிறோம். என் முறை வருகிற நாளில் எனக்குக் கழுத்து வரை வலிக்கும்.

மாசிலாமணி அந்த சாக்ஸின் பக்கத்தில் இரண்டு நாள் நின்று பார்த்தான். மூன்றாம் நாள் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஞானப்பூ தைத்த தையலை அறுத்து, நூல் முனையைப் பிடித்தான். முழுசாகத் தூக்கமுடியாததைப் பிரித்துத்தானே தூக்கவேண்டும். ஒரு முழம் பிரித்து, வெட்டி, அந்த ஒரு முழத்தை மூச்சுப் பிடித்துக் குழாயடிக்குக் கொண்டுபோய் அலசினான். அதிலிருந்து வந்த தண்ணீர் வெளுப்பாக இல்லை, கஞ்சிபோலத் திப்பித் திப்பியாய் வந்தது, வாளி நிறைந்தது. அதைப் பாறைக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அந்த ஒரு முழம்தான் முடிந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தரும் சிரிக்கவில்லை.

இன்னும் துவைத்துக்கொண்டிருக்கிறான். ஃபேக்டரி விட்டு வந்ததும் தினமும் குழாயடியில் அவனைப் பார்க்கலாம், பஸ்ஸில் கடைசிவரை இறங்காமல் வந்தால் நீங்களும் பார்க்கலாம். ஒற்றை சாக்ஸே இன்னும் கணுக்கால் வரை வரவில்லை, மற்றது அப்படியே வாசலில் கிடக்கிறது, கோழிகள் சுற்றிக்கொண்டு போகின்றன. குணவதி வாசலில் கையில் ஊசியில்லாமல், காலில் கயிறில்லாமல், சும்மா உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னங்க, அலுப்பா இருக்கா?" என்று கேட்பாள்.

அவன் தலை நிமிரமாட்டான். ஒரு கை நூலில் இருக்கும், ஒரு கை இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். "இல்ல... உக்காந்து செய்யுற வேலதான," என்பான்.

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள்.